நான் பாடாமல் விட்ட வரி

இரண்டாயிரத்து ஏழு பிறந்த அந்தக் குளிர்காலம் முழுக்க என் வேலை, கணவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதுதான். சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாலும் காது மட்டும் அவர் இருக்கிற அறையில் இருக்கும். அவர் இருமினால் பயம். இருமாமல் இருந்தால் அதைவிடப் பயம். மொன்றியலில், பெட்டி மாதிரி இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் யார் தும்மினாலும் கேட்கும். அதனால் நான் நாளெல்லாம் பயப்படுவதற்கு வசதியாகத்தான் இருந்தது.

ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிற வேலை அவருக்கு. கார்த்திகையில் ஒரு நாள் பெட்டியோடு பெட்டியாக அவரும் சரிந்துவிட்டார். இருதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்துக் கிடக்கின்றன, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், முறை வரும்போது கூப்பிடுவோம் என்றார்கள். அதுவரை பாரம் தூக்கக்கூடாது, படி ஓடி ஏறக்கூடாது. நெஞ்சு இறுக்கினால் நாக்குக்குக் கீழே அடிக்க ஒரு சின்ன ஸ்பிரே தந்தார்கள். டாக்டர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: கூத்துப் பாடக்கூடாது என்பது. உலகத்தில் அப்படி ஒன்று இருப்பதே அந்த மனுஷனுக்குத் தெரியாது.

"அவர் சொல்லேல்லைத்தானே?" என்று இவர் அதையே பிடித்துக்கொண்டார்.

நாங்கள் கரையோரத்துக் கத்தோலிக்கர். புனிதர்களுடைய கதையை மத்தளம் அடித்து, கால் எறிந்து ஆடி, தொண்டை கிழியப் பாடுவதுதான் எங்கள் நாட்டுக்கூத்து. மொன்றியலிலும் தவக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிறு, பங்குக் கோயிலின் கீழ் மண்டபத்தில் ஒரு கூத்துப் போடுவோம். பழக்கி ஆட்டுகிறவர் பக்கத்து வில்லரேயில் இருந்த ஒரு மன்னார்க்காரர். கூத்துப் பழக்குகிறவரை அண்ணாவியார் என்போம், அவருக்கு வேறு பெயர் இருந்தது எங்களில் பலருக்கு மறந்தே போய்விட்டது. பகலில் தையல் தொழிற்சாலையில் ஜக்கெற்றுக்குக் கழுத்துப் பட்டி தைப்பார். ஒவ்வொரு வருடமும் மேடையில் ஏதாவதொரு வேதசாட்சியின் தலையை வெட்டுவோம். அந்த வருடம் மட்டும் என் கணவர் எழுதிய கூத்து.

அதன் கதை ஜெர்மன்காரருடைய ஒரு பழைய செய்யுள் நாடகம். எல்லாம் படித்த ஒரு பேராசிரியர், படித்தது போதாமல் பேயோடு உடன்படிக்கை செய்கிறார். பேய் அவர் கேட்பதெல்லாம் கொடுக்கும். என்றைக்காவது ஒரு பொழுதைப் பார்த்து, இது போதும், இது போகவேண்டாம் என்று அவர் வாய் திறந்து சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே சாவு. ஆத்துமா பேய்க்கு. அவர் இளமை கேட்கிறார், காதல் கேட்கிறார், ஒரு ஏழைப் பெட்டையைக் கெடுத்துக் கைவிடுகிறார், கடலை மறித்து நிலம் எடுக்கிறார். அந்த நிலத்தின் ஓரத்தில் ஒரு கிழவனும் கிழவியும் சின்ன வீட்டில் இருக்கிறார்கள். அது கண்ணுக்கு இடைஞ்சலாம். பேயின் ஆட்கள் போய் வீட்டை எரித்துவிடுகிறார்கள். இவ்வளவும் செய்தவரைக் கடைசியில் வானதூதர்கள் வந்து பேயின் கையிலிருந்து பறித்து மோட்சத்துக்குக் கொண்டுபோகிறார்கள். காரணம், ஓயாமல் முயன்றாராம்.

"முயன்றால் மட்டும் காணுமோ?" என்று நான் கேட்டேன். "வீடெரிச்சவனும் முயற்சி செய்துதானே எரிச்சவன்?"

"கடைசிக் காட்சி வரட்டும், பாரும்," என்றார்.

அந்த நாடகம் அவரிடம் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். எண்பத்தாறில், என் வயிற்றில் முதல் பிள்ளை இருக்கும்போது அவர் ஜெர்மனிக்குப் போனார். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்றார். பெரிய படிப்புப் படிக்கப்போகிறேன் என்று போனவருக்கு அங்கே கிடைத்தது கோப்பை கழுவுகிற வேலை. அகதிகள் விடுதியின் அலுமாரியில் கிடந்த புத்தகம் அது. பாஷை பழகுவதற்காக எடுத்தவர், கூத்துப் பாடின வாய் என்பதால், அந்தச் சந்தத்தில் அப்படியே விழுந்துவிட்டார். எண்பத்தேழின் கடைசியில் ஊரில் சண்டை மூண்டு சனமெல்லாம் கோயிலுக்குள் அடைந்து கிடந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் ஷெல். இரண்டு நாள் மடியில் வைத்துக்கொண்டு மாதாவிடம் கெஞ்சினேன். பிறகு கெஞ்ச ஒன்றும் இருக்கவில்லை. தகப்பன் முகம் பார்க்காமலே பிள்ளை போய்விட்டான். செய்தி அவரிடம் போய்ச் சேர மாதக்கணக்கானது.

கனடாவில் நாங்கள் ஒன்றாகச் சேர்ந்து பல வருடங்களுக்குப் பிறகு, ஒரே ஒரு தடவை அவர் சொன்னார்: அந்தச் செய்தி வந்த கிழமைதான் புத்தகத்தில் கைவிடப்பட்ட பெட்டையின் கட்டத்தை அவர் வாசித்துக்கொண்டிருந்தாராம். நான் எழும்பிப் போய் உலையை இறக்கினேன். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

கூத்தில் பேராசிரியர் அவர். பேய்க்கு எங்கள் மகளைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் இருந்தாள். பயம் என்பது அவளுக்கு மருந்துக்கும் இல்லை. அவளுடைய தமிழில் பாதி பிரெஞ்சுக்காரர் மாதிரித் தொண்டைக்குள் உருளும். "பேய்க்கு அது நல்லாப் பொருந்துது," என்று அண்ணாவியார் சந்தோஷப்பட்டார். எனக்கோ, பெற்ற மகளே கொம்பு கட்டிக்கொண்டு தகப்பனைச் சாவுக்கு இழுத்துப்போவதைப் பார்க்கவே ஏலாமல் இருந்தது. கைவிடப்பட்ட பெட்டையாக நான். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் பெட்டை. என்னைவிட நல்லாய்ப் பாடுகிற இளம் பிள்ளைகள் இருந்தார்கள்.

"நீர்தான் பாடவேணும்," என்று மட்டும் சொன்னார்.

கூத்துப் பழகத் தொடங்கிய பிறகுதான் அவர் செய்திருந்த வேலை புரிந்தது. ஜெர்மன்காரன் எழுதினதில் அந்தப் பெட்டை வெட்கத்துக்குப் பயந்து பிள்ளையைத் தன் கையாலேயே தண்ணீரில் போடுகிறாளாம். இவர் அதைக் காய்ச்சலாக மாற்றியிருந்தார். கடைசியில் மோட்ச வாசலில் அவள் அவனுக்காகக் கெஞ்சிப் பாடுகிற பாட்டில் ஒரு வரி இருந்தது: பிள்ளையும் நானும் பிழை பொறுத்தோம் தேவனே.

"உது உங்கடை ஜெர்மன்காரன் எழுதினதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நான் போட்டது."

எனக்குக் காது சூடேறியது. என் சார்பில் நான் எதையும் பொறுக்கலாம், பொறுக்காமலும் விடலாம். பிள்ளையின் சார்பில் சொல்ல நான் யார்? எழுத இவர் யார்? மேடையில் ஊர்ச்சனத்துக்கு முன்னால் மனைவி வாயால் அதைக் கேட்டுவிடவேண்டும் என்ற ஆசைதான், பேராசிரியரின் மற்ற ஆசைகள் எல்லாவற்றையும்விடப் பெரிதாக எனக்குப் பட்டது. அந்த வரி வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டேன். மத்தளம் மட்டும் அந்த இடத்தைக் கடந்து போகும். "தங்கச்சி, தாளம் வெறுமையாய்ப் போகுது," என்று அண்ணாவியார் கத்துவார். "மறந்து போச்சு," என்பேன். ஒவ்வொரு முறையும் மறந்தேன். என் கணவர் ஒரு முறையும் அந்த வரியை எடுத்துக்கொடுக்கவில்லை.

ஆனால் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கோபம் கூத்துப் பழகும் நேரத்தில் மட்டும்தான் வரும். பயம் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். அவருக்கு இருதயத்தில் அடைப்பு என்பது எனக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணாவியாருக்குச் சொன்னால் கூத்தை நிறுத்திவிடுவார் என்று இவர் எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சாகிற காட்சிதான் கூத்திலேயே உச்சஸ்தாயி. கண் தெரியாத கிழவனாக நின்று, வெளியில் மண்வெட்டிச் சத்தம் கேட்டு, தன் ஆட்கள் அணை கட்டுகிறார்கள் என்று மகிழ்கிறார். உண்மையில் பேய் அவருக்குக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மகிழ்ச்சியில் சொல்லக்கூடாததைச் சொல்லி விழவேண்டும். அவர் பாடும்போது கழுத்து நரம்பு புடைக்கும். விழும்போது பலகை அதிரும். நடிப்பா, உண்மையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதற்கு அவர் ஒரு வழி சொன்னார். செத்துக் கிடக்கும்போது இடது கைப் பெருவிரலை மெல்ல ஆட்டுவார். சனத்துக்குத் தெரியாது. பக்கத்துத் திரைக்குப் பின்னால் நிற்கிற எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் பழகும்போதும் அந்த விரல் ஆடும்வரை நான் மூச்சு விட்டதில்லை.

போதாததற்கு அண்ணாவியார் ஒன்றைச் சொல்லிவைத்தார். கூத்தில் செத்தவன் கடைசி மங்களப் பாட்டுக்கு எழும்பி நிற்கவேண்டுமாம். அவனுக்காகக் கெஞ்சுகிற பாட்டைப் பாடி, மங்களமும் பாடி, அதற்குப் பிறகுதான் உடுப்பைக் கழற்றலாம். பாதியில் விட்டால் மேடையில் செத்த சாவு ஆளோடு வீட்டுக்குப் போகும். ஊரில் மழை வந்து கூத்துக் குழம்பி, வேதசாட்சிக்கு ஆடினவர் ஒருவர் வருடம் திரும்பமுன் போய்ச்சேர்ந்த கதையையும் விவரமாகச் சொன்னார். மற்ற நேரமென்றால் நான் சிரித்திருப்பேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, என் கணவர் சப்பாத்துக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குனிந்தவர் நிமிர நேரம் எடுத்தது.

"இஞ்சாருங்கோ, உதை விடுவம். ஒப்பரேசன் முடிய அடுத்த வருசம் பாப்பம்."

"அடுத்த வருசம் நான் இல்லாட்டி?"

நான் அவருடைய சப்பாத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

கூத்தன்று பூசை முடிந்து மண்டபம் நிரம்பிவிட்டது. ஸ்பிரேயைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டு மேடை ஏறினேன். என் காதல் பாட்டும், தாலாட்டும், பிள்ளை போனபின் புத்தி பேதலித்துச் சாகிற காட்சியும் எப்படிப் போயின என்று எனக்கு ஞாபகமில்லை. சனம் அழுதது என்றார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது கிழவன் கிழவியின் வீடு எரிந்த காட்சி.  முன் வரிசையில் இருந்த பலருடைய வீடும் அப்போது ஊரில் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. "நாசமாய்ப் போவான்!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அது பாத்திரத்துக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் என் கணவர் தலையில் விழுந்ததே என்று பதறினேன்.

மோட்சக் காட்சிக்கு வெள்ளைச் சேலை மாற்றவேண்டும். அவசரத்தில் மாற்றிக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடிவந்து நின்றேன். அவர் உச்சத்தில் பாடினார். "இது காணும், இது போகவேண்டாம்" என்று சொல்லக்கூடாததைச் சொன்னார். விழுந்தார்.

அந்த நேரம் அண்ணாவியார் நரகத்தைத் திறந்தார். ஒரு பெரிய தூபச் சட்டியில் கரியை மூட்டி, கை நிறையக் கை நிறையச் சாம்பிராணியை அள்ளிப் போட்டார். கீழ் மண்டபத்தில் நெருப்பு எரிக்கக்கூடாது என்று கோயில் பராமரிப்பாளர் சொல்லித்தான் இருந்தார். ஆனால் சாம்பிராணியை எங்களில் யார் நெருப்பு என்று நினைத்தோம்? "மேல பூசைக்குத் தூபம் காட்டேக்கை அலாரம் அடிக்கேல்லைத்தானே?" என்பது அண்ணாவியாருடைய கணக்கு. மேலே கோயிலின் கூரை வானத்தில். கீழே மண்டபத்தின் கூரை கையை நீட்டினால் எட்டும். ஒரு நிமிடத்தில் மேடை முழுக்கப் புகை. நான் அந்த விரலைத் தேடினேன். கை தெரியவில்லை. அவரே தெரியவில்லை.

அலாரம் அலறத் தொடங்கியது.

சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியை நோக்கி ஓடியது. நான் புகைக்குள் போய்த் தரையைத் தடவினேன். அவருடைய தங்கத் தாள் ஒட்டிய அங்கி கையில் பட்டது. உலுப்பினேன். அசைவில்லை. பிறகு யாரோ இரண்டு பேர் அவரைக் கையில் பிடித்துத் தூக்க, கால் இழுபடுவது தெரிந்தது. நடக்கிறார் என்று நினைத்தேன். மாசி மாதத்துப் பனிக்குள், கோயில் வாசல் படியில் அவரை இருத்தினார்கள். உதடு நீலம். முகத்தில் பூசின மாவுக்குக் கீழே வியர்வை. வலது கையால் நெஞ்சைப் பிடித்திருந்தார்.

இடுப்பைத் தடவினேன். ஸ்பிரே இல்லை. அது கழற்றிப் போட்ட சேலையோடு கீழே உடுப்பு மாற்றுகிற அறையில் கிடந்தது.

திரும்பி ஓடினேன். தீயணைப்புக்காரர் அதற்குள் வந்து வாசலை மறித்துவிட்டார்கள். எனக்கு ஒரு பாஷையும் வாயில் வரவில்லை. என் மகள் வந்தாள். கொம்பும், கரி பூசிய முகமும், சிவப்பு வாலுமாக அந்த நெடுத்த மனுஷனுக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் கத்தினாள். அப்பாவின் இருதயம், மருந்து உள்ளே, இடது பக்கத்து அறை, நீலச் சேலைக்குள். அவள் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். அவன் ஒரு கணம் அந்தப் பேயைப் பார்த்தான். பிறகு முகமூடியை இழுத்துவிட்டு உள்ளே ஓடினான். இன்னொருவன் ஒட்சிசன் சிலிண்டரோடு எங்கள் பக்கம் வந்தான்.

"தங்கச்சி, பாட்டுப் பாதியில நிக்குது," என்று பின்னால் ஒரு குரல். அண்ணாவியார். தன்னுடைய ஜக்கெற்றை விட்டுவிட்டு மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு அடைப்புப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் முகமும் செத்துப்போயிருந்தது. "ஆளை அப்பிடியே விடக்கூடாது. பாடு."

என் கணவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பேச முடியவில்லை. பாடச் சொல்லி அவர் கேட்கவில்லை, அதை நான் சொல்லவேண்டும். வெறுமனே பயந்துபோய்ப் பார்த்தார். அவர் பயந்து நான் பார்த்ததில்லை. கோயிலுக்குள் மடியில் பிள்ளையோடு இருந்த அந்த இரண்டு நாளும் எனக்கு ஞாபகம் வந்தது. அதே பயம்.  அன்றைக்குக் கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை வற்றினது. கிடைக்கவில்லை. இன்னொரு தடவை என்னால் ஏலாது என்று மட்டும் நினைத்தேன்.

பாடினேன். குளிரில் குரல் உடைந்தது. அண்ணாவியார் விரல் விறைத்த கையால் தட்டினார். ரோட்டில் போன சனம் நின்று பார்த்தது. ஒட்சிசன் மாட்டுகிறவன் ஒருமுறை நிமிர்ந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். அந்த இடம் வந்தது. மத்தளம் வெறுமையாகப் போகப்போகிறது என்று அண்ணாவியார் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

பிள்ளையும் நானும் பிழை பொறுத்தோம் தேவனே.

எவ்வளவு உரத்துப் பாடினேனோ தெரியாது. அதையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தேன். தீயணைப்புக்காரன் ஸ்பிரேயோடு ஓடிவந்து, மகள் அதை வாங்கி அவர் நாக்குக்குக் கீழே அடிக்கும்வரை நான் நிறுத்தவில்லை. மங்களம் அம்புலன்சுக்குள்தான் முடிந்தது. அதற்குள் ஏறவிடமாட்டோம் என்று சொன்னவர்களை அண்ணாவியார் எப்படிச் சமாளித்தாரோ, மத்தளத்தோடு என் பக்கத்தில் இருந்தார்.

முறை பார்த்துக்கொண்டிருந்த ஒப்பரேசனை அந்தக் கிழமையே செய்தார்கள். முடிந்ததும் என்னை உள்ளே விட்டார்கள். வாயில் குழாய், மூக்கில் குழாய், மெழுகில் செய்த ஆள் மாதிரிக் கிடந்தார். மயக்கம் இன்னும் தெளியவில்லை, கூப்பிட்டாலும் கேட்காது என்றாள் தாதி. நான் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. பெருவிரல் ஆடியது. 

வாய்க் குழாயை எடுத்த பிறகு, குரல் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"பிள்ளையையும் சேர்த்துப் பாடினீர்."

கேள்வி மாதிரி இல்லைத்தான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். பொய் சொல்லலாம். நெஞ்சைத் தைத்துப் போட்டிருக்கிற மனுஷனுக்குப் பொய் சொன்னால் ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள்.

"பயத்திலை பாடினது," என்றேன். "மன்னிச்சு இல்லை. அவன் மன்னிச்சானோ எண்டும் எனக்குத் தெரியாது. நீங்களும் போயிடுவியள் எண்ட பயத்திலைதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபித்துவிட்டாரோ என்று எனக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை தூக்க ஏலாமல் கிடந்தார், நான்தான் துடைத்துவிட்டேன்.

"அது காணும்," என்றார்.